மிடற்றைப் பண்படுத்தல்

இசைத்தேர்வுக்குச் செல்லும் மாணாக்கர் பலர் தேர்வு நாட்காலையில் செய்வது யாதென உற்றுநோக்குவார்க்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். சிலர் வைகறையில் எழுந்து, தமக்கு எட்டாத வலிவுத் தானத்தில் உரத்துப் பாடித் தேர்வுக் கூடத்தின் வாயிலை அடையுமுன்னரே மிடறு கம்மி நிற்பர். வேறு சிலர் குரலைக் காத்தல் வேண்டுமென்று கருதி வாய் திறவாதிருந்து, பெயர் அழைக்கப்பட்டவுடன் தேர்வாளர் முன் சென்றமர்ந்து, அன்றைக்கு முதன்முதலாகத் தாம் எழுப்பும் ஒலியையே பாடலின் எடுப்பாக வைப்பர். இருதிறத்தாரும் ஆண்டு முழுதும் பயின்ற பயிற்சியின் பயனைக் கால்மணிப் பொழுதில் இழக்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு நெறி உண்டோ, உண்டாயின் அது நம் முன்னோர் அறிந்ததோ, அன்றி மேனாட்டார் அண்மையிற் கண்டு கூறியதோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

பாடுமுன் செய்யும் இவ்வாயத்தத்தைக் குரலைச் சூடேற்றல் என்று இக்காலத்தார் சிலர் மேனாட்டு வழக்கைத் தழுவிக் கூறுகின்றனர். நமக்கு அச்சொல் வேண்டுவதன்று. நிலத்தை வித்திடுமுன் பண்படுத்துகின்றோம். மிடற்றையும் அவ்வாறே பண்படுத்தல் எனின் கருத்தும் விளங்கும், தமிழும் பிழையாது. அன்றியும் இச்சொல்லுக்குள்ளேயே பண் என்பது அமைந்து கிடத்தலின் பொருத்தம் உணரத்தக்கது என்பது பின்னர் விளங்கும்.

மிடறு என்பது கழுத்தின் உட்பகுதியைக் குறிக்கும் பெயர் மாத்திரமன்று. அதனை ஓர் இசைக்கருவியாகவே பண்டையோர் எண்ணினர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இசையாசிரியனுடைய தகுதிகளைக் கூறவந்த இளங்கோவடிகள் யாழையும் குழலையும் அடுத்து மிடற்றையும் வைத்து எண்ணுகின்றார். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்பவற்றோடு மிடற்றுக்கருவி என ஒன்றையும் கூட்டி உரைப்பது தமிழ் மரபு. கருவி என்று கொண்டால், கருவிக்குச் செய்ய வேண்டியவற்றை அதற்கும் செய்தல் வேண்டும் என்பது தானே போதரும்.

ஏனைக் கருவிகளைப் பாருங்கள். யாழை எடுத்தவுடன் எவரும் வாசித்திலர். கானல்வரியில் யாழின்கண் நிகழும் தொழில்கள் எட்டாகக் கூறப்படுகின்றன. அவற்றுள் முதலாவது பண்ணல், அஃதாவது நரம்புகளைச் சுருதி கூட்டி அமைத்தல். அதன்பின்னர் நரம்புகளை வருடிப் பார்த்தலும், ஆராய்தலும், தைவரலும் நிகழ்ந்த பின்னரே செலவும் விளையாட்டும் வருகின்றன. இக்காலத்து மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, வலந்தலை வார்களைக் கல்லாற் றட்டிச் சுருதி சேர்த்த பின்னன்றி ஒரு சொல்லும் வாசியார். நாகசுரக்காரர் சீவாளியை நனைத்து, உதட்டில் வைத்துப் பலகால் ஊதிப் பார்த்து, ஒன்று இசையாதாயின் கழுத்திற் றொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை எடுத்துப் பொருத்துவர். இவையெல்லாம் நாடோறும் நம் திருக்கோயில்களிற் காண்பனவே. மாற்றிப் பொருத்துதற்கு வேறொன்று இல்லாத கருவி மிடறு ஒன்றே. அதனை மாத்திரம் ஒருவரும் சுருதி கூட்டாது எடுத்தாளுதல் முறையாகுமா?

மிடற்றுக்கென முன்னோர் வகுத்தது யாது எனின், அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையினுள் அது விரிவாகக் கிடைக்கின்றது. அவ்வுரை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களால் 1892-ஆம் ஆண்டில் அச்சேறி வெளிவந்தது. அதற்கு முன்னர் ஏடுகளிற் கிடந்து எத்துணைப் பேர் கண்ணிற்கு எட்டியிருக்கும் என்பதை எண்ணும்போது, நம் இசைவாணர்கள் இதனை மறந்தமைக்கு அவர்களை மாத்திரம் குறைகூறுதல் நேரிதன்று.

அவ்வுரையில் இசையாசிரியன் அமைதியைக் கூறுமிடத்து மேற்கோளாக வரும் பழஞ்செய்யுட்கள் சில உண்டு. பண் என்னும் சொல்லுக்கு அவற்றுள் ஒன்று காரணம் கூறுகின்றது. பெருந்தானங்கள் எட்டினாலும், தொழில்கள் எட்டினாலும் பண்ணிப் படுக்கப்படுதலின் பண் எனப்பட்டது என்பது அதன் கருத்து. தானங்கள் எட்டாவன நெஞ்சு, மிடறு, நாக்கு, மூக்கு, அண்ணாக்கு, உதடு, பல், தலை என்பன. தொழில்கள் எட்டாவன எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு என்பன. இத்தானங்களை எண்ணி நோக்குவார்க்குத் தொல்காப்பியத்துப் பிறப்பியல் நினைவுக்கு வாராதிராது. ஆண்டு ஆசிரியர் உந்தியினின்று எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பனவற்றோடு கூடி எழுத்தொலியாக வேறுபடும் என்றார். இலக்கணம் எழுத்துக்குக் கூறிய எட்டும் இசை பண்ணுக்குக் கூறிய எட்டும் ஒன்றேயாதல் காண்க. பேச்சுக்கு ஒரு மிடறும் பாட்டுக்கு ஒரு மிடறும் இல்லை. உண்ணுதற்கும் மூச்சுக்கும் அருகே அமைந்த சிறியதோர் உறுப்பைத்தான் இத்தனைத் தொழிலுக்கும் பணி கொள்கின்றோம்.

இனி ஆளத்தி என்பதற்கு வருவோம். இந்நாளில் ஆலாபனை என வழங்குவதே பண்டு ஆளத்தி எனப்பட்டது. அதனை எவ்வெழுத்துக்களாற் செய்தல் வேண்டும் என்று அப்பழஞ்செய்யுட்கள் வரையறுக்கின்றன. முதற்கண் மகர ஒற்று; அதனாற் சுருதி கூட்டிக்கொள்ளுதல். பின்னர்க் குறில் ஐந்தும் நெடில் ஐந்தும். அவற்றோடு மகரமும் நகரமும் தகரமும் ஆகிய மெய்கள். அதன்பின்னரே தென்னா, தெனா என்றாற் போலும் அசைகள். குறிலால் நிகழ்வது அச்சு என்றும் நெடிலால் நிகழ்வது பாரணை என்றும் பெயர் பெறும். ஆளத்தி தானும் காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என மூவகைப்படும்.

ஆளத்தி என்பது பண்ணின் வடிவத்தைக் கேட்போர்க்கு வெளிப்படுத்தற் பொருட்டு நிகழ்வது. மிடற்றைப் பதப்படுத்தற்கென்றே இது விதிக்கப்பட்டது என்று உரையாசிரியர் யாண்டும் கூறிற்றிலர். நாமும் அவ்வாறு அவர்மேல் ஏற்றிக் கூறுதல் தகாது. ஆயினும் இவ்வெழுத்துமுறையை வகுத்தவர்கள் பாடி அறிந்தவர்களே யன்றி ஏட்டின்கண் எண்ணிக் கண்டவர்கள் அல்லர் என்பது அம்முறையை ஒருமுறை பாடிப் பார்ப்பார்க்குத் தானே புலப்படும். இதழ் குவிந்து மூடிய நிலையில் ம் என்னும் ஒலி முதலில். அடுத்து வாய் சிறிதே திறந்து குறுகிய அளவில் உயிர்கள். அதன்மேல் நெடில்களாக நீட்டல். அதன்பின்னர் நா அசைய வேண்டிய நகர தகரங்கள். மூடியது திறந்து, குறுகியது நீண்டு, அசையாதது அசைகின்றது. நெடில்களுள் ஐகாரமும் ஔகாரமும் சேர்க்கப்படாமையும் நோக்கத்தக்கது. அவ்விரண்டும் ஒலிக்குங்காலே வாயின் வடிவை இடையில் மாற்றுவன ஆதலின் நின்று நிலைக்கும் ஒலிக்கு ஏலா என்று விலக்கினர் போலும்.

மகர ஒற்றை முதலில் வைத்தமையின் நுட்பத்தை இற்றைநாள் உடல்நூலார் ஆராய்ச்சி நன்கு விளக்குகின்றது. மானுவெல் கார்சியா என்னும் இசபானியப் பாடலாசிரியர் 1854-ஆம் ஆண்டில் பல் மருத்துவர் கையாளும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையுட் செலுத்தி, ஞாயிற்றின் ஒளியை அதன்மேற் படச்செய்து, பாடும்போது தம் குரல்நாண்கள் இயங்குதலைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தின் முன் அக்காட்சியை எழுதி அளித்தார். மருத்துவர் அல்லாத ஒரு பாட்டாசிரியரே இதனை முதலிற் செய்தார் என்பது இசையறிவின் பெருமைக்கு ஒரு சான்று. நூறாண்டு கடந்து வாழ்ந்து 1906-இல் அவர் மறைந்தார். அக்கண்ணாடியினின்றும் வளர்ந்த கருவிகளால் இன்று நாம் அறிவது இது: குரல்நாண்கள் என்பன ஏறக்குறைய ஒரு விரற்கடை நீளமுள்ள இரு மெல்லிய மடிப்புகள். ஓராடவன் ஒரு கட்டைச் சுருதியில் சட்சம் பிடிப்பானாயின் அவை ஒரு நொடிக்கு ஏறக்குறைய 130 முறை ஒன்றோடொன்று பொருந்தி விலகுகின்றன. ஐந்து கட்டையிற் பாடும் பெண்மகளின் சட்சத்துக்கு ஏறக்குறைய 196 முறை. அவள் வலிவுச் சட்சத்தைத் தொடுங்கால் அதனினும் இருமடங்கு. அரைமணி பாடுவோர் மிடற்றில் இம்மோதல் பன்னூறாயிரமாகப் பெருகும்.

இதழை மூடி ம் என முரலும்போது வாயினுள் வளி தேங்கி நாண்களுக்கு மேற்புறத்தும் ஓர் அழுத்தத்தை உண்டாக்குகின்றது. அதனால் அவை ஒன்றன்மேல் ஒன்று வலிந்து மோதாது மெல்லப் பொருந்துகின்றன. ஒலி மூக்கின் அடியிலும் நெற்றியிலும் அதிர்தலைப் பாடுவோர் விரல் வைத்தே உணரலாம். தானங்கள் எட்டனுள் மூக்கும் தலையும் எண்ணப்பட்டமையின் பொருத்தம் ஈண்டு விளங்கும். மேனாட்டுக் குரலாராய்ச்சியாளர் டிட்சே என்பார் சிறு உறிஞ்சுகுழலை இதழிற் பிடித்து அதனூடே ஒலி எழுப்பிப் பயிலுமாறு பாடகர்க்கு அறிவுறுத்தி வருகின்றார். வாய்வழியை ஒருவாறு மூடி ஒலிப்பதால் வரும் நன்மையே அதற்கும் காரணம். குழல் வாங்கப் போக வேண்டுவதில்லை. தமிழ் எழுத்துள் அதற்கு ஓரெழுத்து ஆயத்தமாகவே உள்ளது.

எழுத்துமுறை இவ்வாறாகத் தானமுறை எவ்வாறு எனின், வடமொழிச் சிக்கை நூல்கள் அதனைத் தெளிவாகக் கூறும். பாணினீய சிக்கை என வழங்கும் நூல் காலையில் நெஞ்சினின்று எழும் தாழ்ந்த குரலால் வேதம் ஓதுக எனவும், நண்பகலில் மிடற்றினின்று எழும் இடைக்குரலால் ஓதுக எனவும், மாலையில் தலையினின்று எழும் உயர்ந்த குரலைக் கொள்க எனவும் விதிக்கின்றது. காலைக் குரலுக்குப் புலியின் உறுமலையும் மாலைக் குரலுக்கு மயில் முதலியவற்றின் அகவலையும் உவமை காட்டுகின்றது. மெலிவு, சமன், வலிவு என நம்மவர் கூறும் மூன்று தானங்களும் இவையே. இரவெல்லாம் கிடந்து துயின்றெழுந்தவர் மிடற்றில் நாண்கள் சற்றே தடித்திருத்தலின் காலைக் குரல் இயல்பாகவே தாழ்ந்தும் கரகரத்தும் இருக்கும். அக்குரலை அதன் போக்கில் மெலிவிலேயே நடத்திப் பின் மெல்ல உயர்த்துதல் அறிவு. எழுந்தவுடன் மேற்சட்சத்தைப் பிடிக்க முயல்வோர், உறங்கும் எருதை எழுப்பி அக்கணமே ஏர்பூட்டி ஓட்டுவாரை ஒப்பர்.

கழுத்தளவு நீரில் நின்று உரத்துச் சாதகம் செய்தலைப் புகழ்ந்து பேசும் செவிவழிச் செய்திகள் நம்மிடைப் பல உண்டு. பெருவித்துவான்கள் சிலர் அவ்வாறு செய்து பெரும்பெயர் பெற்றிருக்கலாம்; அவ்வாறு செய்து குரல் இழந்தோரைப் பற்றிய கதைகளை எவரும் சொல்லி வைப்பதில்லை. ஆதலின் அக்கதைகளைக் கொண்டு விதி வகுத்தல் ஆகாது என்பதே யாம் கருதுவது.

மிடறு ஒன்று கெடுவதால் இழக்கப்படுவது யாது என்பதற்குச் சைவர்களாகிய நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. தேவாரத் திருமுறைகள் தில்லையில் ஏட்டுருவாகக் கிடைத்தபின்னும் அவற்றின் பண்முறை அறிவார் இலராயினர் என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் திருஎருக்கத்தம்புலியூரிற் றோன்றிய ஒரு பெண்மகள் பாடிக் காட்டவே பண்முறை வகுக்கப்பட்டது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். இராசேந்திரப்பட்டினம் என இன்று வழங்குவது அத்தலமே. புற்று அரித்த ஏட்டில் எழுத்து எஞ்சிற்று; பண் எஞ்சவில்லை. அஃது எஞ்சியது ஒரு பெண்ணின் மிடற்றில். அவள் அன்று வேந்தனும் நம்பியாண்டார் நம்பிகளும் கேட்பப் பாடிய பாட்டினும் பெரியதொரு தேர்வை எந்தப் பாடகரும் எழுதியதில்லை, பாடியதுமில்லை. அவளுடைய பெயரைப் புராணம் நமக்கு வைத்திலதே என்னும் குறை எம் உள்ளத்தில் என்றும் உண்டு.

தகுதி பார்த்துப் பாடகரை அமர்த்தும் முறை கல்வெட்டுக்களிலும் காணக்கிடக்கின்றது. திருவல்லத்துக் கல்வெட்டால் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே திருப்பதியம் பாடுவார்க்குக் கோயிலில் இடம் இருந்தமை அறிகின்றோம். தஞ்சை இராசராசேச்சரத்தில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்கு 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமைத்து, ஆளொன்றுக்கு நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தான். தீக்கைப் பெயர் பூண்ட அவர்களுடைய பெயர்கள் கல்லில் வரிசையாக உள்ளன. இக்கல்வெட்டில் நம் பொருளுக்கு இன்றியமையாதது அதன் பிற்பகுதி. அவர்களுள் ஒருவர் இறந்தாலும் வேற்று நாடு சென்றாலும் அவர்க்கு அடுத்த உரிமையுடையார் அந்நெல்லைப் பெற்றுப் பாடுக. அவர் தகுதியுடையர் அல்லராயின் தகுதியுடையாரை அமர்த்திப் பாடுவிக்க என்பது அதன் விதி. பிறப்புரிமை இருந்தும் பாடும் தகுதி இல்லையேல் அமையாது என்று 1014-ஆம் ஆண்டை யொட்டிக் கல்லில் வெட்டினர். அத்தகுதியை யாரோ கேட்டுத்தான் தீர்மானித்திருத்தல் வேண்டும். மதிப்பெண்ணும் சான்றிதழும் இல்லாத தேர்வு அது.

ஏட்டில் எழுதி மதிப்பெண் இடும் தேர்வு அண்மைக்காலத்தது. இலண்டன் திரினிட்டிக் கல்லூரியார் 1877-இல் இசைத்தேர்வுகளைத் தொடங்கினர். இராயல் இசைப்பள்ளிகளின் கூட்டுக்கழகம் 1889-இல் தோன்றியது. நம் நாட்டில் விட்டுணு திகம்பர பலூசுகர் 1901-இல் இலாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவி இசையைப் பள்ளிமுறையிற் கற்பிக்கத் தலைப்பட்டார். அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி கண்டது 1929-இல். ஈழத்தில் வட இலங்கைச் சங்கீத சபை 1931-இற் றோன்றித் தேர்வுகளை நடத்தலாயிற்று. 1943-இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1949 முதலாக அதன் பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள் நிகழ்ந்து வரலாயின. தருமபுரம் முதலிய ஆதீனங்களின் தேவாரப் பாடசாலைகளும் அறநிலையத் துறையினரின் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளும் இன்று மாணாக்கரைப் பயிற்றுகின்றன.

இத்தேர்வுகளால் விளைந்த நன்மை பெரிது. அதனை மறுப்பார் இலர். ஆனால் ஒரு மாறுதல் எவரும் எண்ணிப் பாராமலே நுழைந்துவிட்டது. குருகுலத்தில் மாணாக்கன் ஆசிரியர் முன்னிலையிலேயே விடியலிற் பாடத் தொடங்கி, சரளி வரிசையும் சண்டை வரிசையும் மூன்று காலங்களில் ஓடிய பின்னரே பாட்டுக்கு வருவான்; அந்நேரத்துக்குள் மிடறு தானே பதப்பட்டிருக்கும். கச்சேரியிலும் அவ்வாறே. அரியக்குடி இராமாநுச ஐயங்கார் நிலைநிறுத்திய முறையில் வர்ணம் முதலாவதாக நிற்பதற்கு அதன் பெருமை மாத்திரம் காரணமன்று. பாடுவோர் குரல் இளகுதற்கும் அது துணை. கேட்போரும் அதனை அறிந்து முதல் உருப்படியின் சிறு கரகரப்பைப் பொருட்படுத்தார். தேர்விலோ அந்த வர்ணத்துக்கே மதிப்பெண். பதப்படும் வரை பொறுத்திருந்து கேட்பதற்குத் தேர்வாளர்க்குப் பொழுதில்லை. வாயிலில் இருபதின்மர் காத்திருக்கின்றனர். குருகுலமும் கச்சேரியும் தம்முள்ளே மறைத்து வைத்திருந்த அந்தக் கால்மணியைத் தேர்வு பறித்துக்கொண்டது. ஆதலின் மாணாக்கர் அதனைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியவர் ஆயினர்.

தேடிக்கொள்ளுதல் அரிதன்று. தேர்வு நாளில் வழக்கத்தினும் ஒன்றரை மணிக்கு முன்னே எழுதல் நன்று. எழுந்தவுடன் பாடாது பேச்சு முதலிற் றெளியட்டும். தோளையும் கழுத்தையும் தாடையையும் தளர்த்தி, நிமிர்ந்தமர்ந்து, மூச்சை வயிறு விரிய வாங்கி மெல்ல விடுத்தல் சில முறை. பின்னர்த் தம்பூராவையோ சுருதிப் பெட்டியையோ தமக்குரிய கட்டையில் வைத்து, மகர ஒற்றால் ஆதார சட்சத்தைப் பிடித்து நிற்க. அங்கிருந்து மெலிவிற் கீழ்ப்பஞ்சமம் வரை இறங்கி ஏறுக. அதனை உரத்துச் செய்தல் வேண்டா. அடுத்த அறையில் இருப்பவர்க்குக் கேளாத அளவே போதும். அதன்பின்னர்க் குறில்கள், நெடில்கள். அதன்பின்னர்ச் சமன் தானத்தில் சரளி வரிசை முதற் காலத்தில். வலிவுத் தானம் கடைசியில், அதுவும் தொட்டு மீளும் அளவே. எடுத்தலும் படுத்தலும் முன்னும் உருட்டும் தாக்கும் பின்னும் நிற்க உரையாசிரியர் எண்ணிய வரிசை இதற்கும் பொருந்தும். எல்லாம் கூடிக் கால்மணி முதல் அரைமணிக்கு மேற்படலாகாது. தேர்வுக்குரிய உருப்படிகளை முழுதும் அன்று காலையிற் பாடிப் பார்த்தல் பதப்படுத்தலாகாது. அது மிடற்றை இளைப்பித்தலாகும். ஆண்டு முழுதும் செய்யும் சாதகம் வேறு, அந்நாட்காலையில் செய்யும் இஃது வேறு. இரண்டனுள் ஒன்று மற்றொன்றன் இடத்தை நிரப்பாது. சாதகம் செய்யாதாரை எவ்வகைப் பதப்படுத்தலும் கரையேற்றாது.

தேர்வுக் கூடத்தில் நெடும்பொழுது காத்திருக்க நேரின், பதப்பட்ட குரல் மீளவும் ஆறிப்போம். அப்பொழுது மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டுவதில்லை. தம் முறைக்குச் சற்று முன்னர் ஒதுங்கி நின்று இதழ் மூடி முரன்று கொள்ளுதலே அமையும். இதனால் அருகிருப்பார்க்கும் இடையூறில்லை. முன்னே பாடுபவரின் பாட்டோடு சேர்ந்து தாமும் வாய்க்குள் முணுமுணுத்தலோ, அச்சத்தாற் கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் செருமுதலோ பெருங்கேடு. செருமுதல் நாண்களை ஒன்றோடொன்று அறைவதே யாகும். அதற்கு ஈடாக ஒருவாய் நீர் பருகி விழுங்குக.

நீர் என்றவுடன் மிளகும் அதிமதுரமும் கற்கண்டும் பாலும் நினைவுக்கு வரும். உண்பனவும் பருகுவனவும் உணவுக்குழல் வழியே செல்வன. குரல்நாண்களை அவை தீண்டுவதில்லை. தீண்டுமாயின் நாம் இருமித் துடிப்போம். ஆதலின் அதிமதுரத்தை வாயிலடக்கிய அக்கணமே குரல் இனிக்கும் என்பது வாய் பெறும் சுவையை மிடற்றின்மேல் ஏற்றிக் கூறுவதாம். தொண்டையின் வறட்சியும் உறுத்தலும் தணிதலும் உமிழ்நீர் ஊறுதலும் அவற்றால் உண்டு, அவ்வளவிற் கொள்க. நீரோ உடலிற் கலந்து சென்றே நாண்களை ஈரமாக்க வேண்டுதலின், தேர்வறை வாயிலிற் குடம் குடமாகப் பருகுதலினும் முதல்நாள் தொட்டே போதிய அளவு பருகி வருதல் பயன் தரும்.

சாரீரம் என்னும் சொல்லுக்குச் சங்கீத ரத்நாகரம் கூறும் பொருளை எடுத்துக்காட்டி, அது உடலோடு பிறப்பது, பயிற்சியால் வருவதன்று என வாதிப்பார் சிலர் உளர். சார்ங்கதேவர் அவ்வாறு கூறியது உண்மையே. பயிலாமலே இராகத்தை வெளிப்படுத்த வல்ல குரலைப் பற்றியது அது. அத்தகைய குரல் வாய்த்தோர் எத்துணையர்? திருக்கோயில்களிற் பதிகம் விண்ணப்பம் செய்தவர்களிற் பெரும்பாலார் இயல்பான மிடறு உடையவர்களாய், அதனை நாடோறும் பேணி, முதுமை வரை பாடிச் சென்றவர்களே. அவர்கள் வழியாகவே பண்கள் நம்மை வந்தடைந்தன.

ஓதுவா மூர்த்திகளின் வழக்கம் ஒன்றையும் ஈண்டுக் கூறல் தகும். பதிகம் எடுக்குமுன்னரும் முடித்தபின்னரும் திருச்சிற்றம்பலம் எனச் சொல்லுதல் தொன்றுதொட்ட மரபு. தில்லை நினைவே அதன் பொருள். அதனை வேறு எதற்கும் கருவியாக்கிக் கூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் சுருதியோடு பொருந்த அதனை நிறுத்திச் சொல்லும் ஓதுவாரை அருகிருந்து கேட்டவர்கள், இறுதி மகரம் இதழ் மூடிய நிலையில் தம்பூராவின் ஆதாரத்தோடு கலந்து நின்று, அந்நிலையினின்றே பதிகத்தின் முதற்சொல் எழுவதை அறிவர். தேவாரத் தேர்வுக்குச் செல்லும் மாணாக்கர் பலர் அச்சொல்லைத் தேர்வாளர் முன் விரைந்து உதிர்த்துவிட்டுப் பாட்டுக்குத் தாவுகின்றனர். அதனை இருமடங்கு நேரம் நிறுத்திச் சொல்லட்டும். எந்தத் தேர்வாளரும் அதற்கு மதிப்பெண் குறையார்.